பதினாறாம் நாளும் பதினான்காம் ஆடுகளமும்

பிற்பகல் 2.10, திருச்சி. புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறியதும் நான் முதலில் பார்த்தது ஓட்டுநரின் கால்களைத்தான். மெல்போர்னில் பதினேழு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலால் பிரேக்கை மிதித்தார். நான் அப்படி மிதித்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் மனிதர் கைகாரர். கீரனூர் கடைத்தெருவில் குறுக்கே வந்த மாட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நூல் கோத்த மாதிரி பஸ்ஸை எடுத்துப் போனார். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.

என் பையில் ஒரு மடிக்கணினி இருந்தது. ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சாவு வீட்டில் அதைத் திறந்துவைத்து, ஒரு தாய்க்கு அவருடைய மகனைக் காட்டவேண்டும். இந்தப் பயணத்துக்கு வேறு காரியம் கிடையாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

கதிரேசன் மெல்போர்னில் என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறான். வயது முப்பத்தொன்று. படிக்க வந்தவன், படிப்பு முடிந்து நிரந்தர விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். முடிவு வருவதற்குள் ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே வர முடியுமோ முடியாதோ என்று வக்கீலே கையை விரித்துவிட்டார். ஜனவரித் தொடக்கத்தில் அவன் அப்பா களத்து மேட்டில் மார்வலி வந்து இறந்துபோனார். அவன் போகவில்லை. என் சமையலறையில் நின்றுகொண்டு கைபேசியில் எல்லாவற்றையும் பார்த்தான். சித்தப்பா மகன் பாண்டி கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது தெரிந்தது. கொள்ளி வைக்கிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. மறுபடி அது ஓடியபோது எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு நாலாம் நாள் நான் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினேன். பயணச்சீட்டு ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்தது. கிளம்பும்போது அவன் தலையில் முடி இருந்தது. பத்தாம் நாள் மொட்டை அடித்துக்கொள்வதாகச் சொன்னான். பிறகு ஒரு உதவி கேட்டான். மெல்போர்னில் ஜனவரியில் நடக்கும் அந்தப் பெரிய டென்னிஸ் போட்டியில் அவனுக்கு இரண்டு வாரத் தற்காலிக வேலை. பதினான்காம் ஆடுகளத்தின் வாசலில் நிற்கவேண்டும். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது மட்டும் கயிற்றை விலக்கி ஆட்களை உள்ளே விடவேண்டும். அவன் அம்மா அவனைப் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. அவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் முகம் தெரியாது. "ஒரு தடவ காட்டிருங்கண்ணே" என்றான்.

அந்தப் போட்டியை அங்கே இருக்கிறவர்கள் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சின்னச் சின்ன ஆடுகளங்கள்கூடத் தெரியும். நாட்டைத் தாண்டிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். நம் கணினி மெல்போர்னில்தான் இருக்கிறது என்று அந்தத் தளத்தை நம்பவைக்க வி.பி.என். என்று ஒன்று இருக்கிறது. வெளியூர் போகும் எங்களவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அது சரியா தப்பா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போதும் அதைப்பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் வருத்தம் வேறு.

மாலை 4.00, புதுக்கோட்டை. அறந்தாங்கிக்கு முப்பது ரூபாய். பொங்கல் முடிந்து திரும்புகிற கூட்டம், நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியிருந்தன, சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. பஸ்கள் மற்றப் பாதியில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போயின. அறந்தாங்கியில் ஒரு டீ குடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்தேன். ஆவுடையார்கோவில் பதினான்கு கிலோமீட்டர். அங்கிருந்து ஊருக்குள் ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. எந்த வீடு என்று ஆட்டோக்காரர் கேட்டார், சொன்னேன். "ராமையா வீடா? நாளைக்குத்தானே கருமாதி" என்றவர் வண்டியில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார்.

மாலை 6.50. கருமாதிக்கு முதல் நாள் மாலை. வாசலில் பந்தல், அடுக்கிவைத்த நாற்காலிகள். கதிரேசனின் தாய்மாமன் கருப்பையா என்னை வரவேற்றார். பாண்டியையும் அப்போதுதான் பார்த்தேன். இருபத்தெட்டு வயது இருக்கும், தகப்பன் இல்லாதவர், அறந்தாங்கியில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பதினைந்து நாளாகக் கடையைத் திறக்கவில்லை என்றார்.

சாப்பிடும்போதுதான் கருப்பையா விஷயத்தைச் சொன்னார். கருமாதி முடிந்ததும் தாய்மாமன் உருமா கட்டுவார். உருமா என்றால் தலையில் கட்டும் துணிதான், ஆனால் அதைக் கட்டிக்கொண்டவன்தான் இனி அந்த வீட்டுக்குத் தலை. கோயில் வரி, கல்யாணம் காட்சி எல்லாவற்றுக்கும் அவன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கொள்ளி வைத்தது பாண்டி. அதனால் பங்காளிகள் கூடி ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். பெற்ற மகன் இருக்கிற இடத்திலாவது மொட்டை அடித்திருந்தால் உருமா அவனுக்கு, அவன் போட்டோவுக்கு முன்னால் வைத்து எடுத்து அனுப்பலாம். அடிக்கவில்லை என்றால் பாண்டிக்கு. போனில் அடித்துவிட்டேன் என்று சொல்கிறான், ஆனால் வீடியோவில் கூப்பிட்டால் வேலை வேலை என்று எடுப்பதில்லை. காலையில் நீங்கள் காட்டப்போகிறீர்களே, அதில் தெரிந்துவிடும் என்றார்.

கதிரேசன் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. நான் ஏதோ அம்மாவுக்கு மகனைக் காட்டி நல்ல பெயர் வாங்கப்போகிறேன் என்று வந்தேன், ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சாட்சியாக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலை 5.30. மெல்போர்னில் அப்போது பதினொரு மணி, ஆட்டம் தொடங்குகிற நேரம். கதிரேசனின் அம்மா செல்லம்மாள் அக்கா உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பதினாறு நாளாக அந்த இடம்தான். உள்ளே சிக்னல் துளியும் இல்லை. கருமாதி முடியும்வரை அவர் வெளியே வரவும் கூடாது. பாண்டிதான் ஒரு வழி செய்தார். தன் கைபேசியை ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கட்டி, ஓட்டுக்கு மேலே தெரிகிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே நட்டுவைத்தார். அதிலிருந்து இணையம் கிடைத்து மடிக்கணினியில் படம் வந்தது. "அண்ணன் தெரியிறாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்க நேரமில்லாமல் ஆண்களோடு கண்மாய்க் கரைக்குப் போனார். சடங்கெல்லாம் அங்கேதான்.

திரையின் மூலையில் நாலைந்து பேர் ஒரே மாதிரி நீலச் சட்டையும் அகலத் தொப்பியுமாக நின்றார்கள். எனக்கு யார் யாரென்று தெரியவில்லை. அக்கா விரலை நீட்டினார். "அந்தா. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு."

அதற்குப் பிறகு அவர் கண் அந்த மூலையை விட்டு அசையவில்லை. இரண்டு பெண்கள் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து எங்கே போகிறது என்று அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கேமரா ஆட்டக்காரியின் முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் எரிச்சல்பட்டார். இந்தப் புள்ளையை எதற்குக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். எத்தனை மணி நேரம் நிற்கவேண்டும், நிழல் உண்டா, சாப்பிட விடுவார்களா என்று கேட்டார். ஆறு மணி நேரம், நடுவில் அரை மணி ஓய்வு என்றேன். வெயில் முப்பத்தெட்டு என்று திரையில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொல்லவில்லை. கொல்லையில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓரிருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று திரும்பிப் போனார்கள்.

காலை 8.20. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறினார்கள். கதிரேசன் கயிற்றை விலக்கினான், கூட்டம் உள்ளே வந்தது. கேமரா அந்தப் பக்கமாகத் திரும்பி அவனைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டியது. கடைசி ஆள் நுழைந்ததும் அவன் கயிற்றை மாட்டினான், தொப்பியைக் கழற்றினான், சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது.

அடர்த்தியான முடி. வேர்வையில் நனைந்து, வகிடெடுத்துச் சீவிய முடி. திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடமாவது அப்படியே நின்றிருக்கும். எனக்கு அதை மூடிவிடலாமா என்று இருந்தது, கை போகவில்லை. அக்கா திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து பார்த்தார். அழவில்லை. படம் மறுபடி ஓடியபோது தொப்பி அவன் தலைக்குப் போயிருந்தது.

"மூடிருங்க தம்பி" என்றார்.

காலை 8.50. கண்மாயிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். கருப்பையா ஈர வேட்டியோடு நிலைப்படியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பங்காளிகள்.

"பாத்தியாக்கா? கேக்குறாக."

"மொட்டதான்டா" என்றார் அக்கா. "தொப்பியக் கழட்டுனான். நல்லாத் தெரிஞ்சிச்சு."

கருப்பையா என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பாத்தீங்களா தம்பி?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால் நான் ஏதாவது மழுப்பியிருப்பேன். "பாத்தேன், மொட்டதான்" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது.

காலை 10.40. ராமையாவின் படத்துக்குப் பக்கத்தில் கதிரேசனின் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிய படம் ஒன்றை வைத்தார்கள். சந்தனம் தொட்ட உருமாவை அதன் முன்னால் வைத்தார் கருப்பையா. பாண்டிக்கு ஒரு வேட்டியும் துண்டும் கிடைத்தன. அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பந்தி போட இலை எடுக்கப் போய்விட்டார். புதிதாகச் சிரைத்த தலையில் ஒரு கீறல் இருந்தது, அதில் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. அந்த முற்றத்தில் யாராவது மரியாதை பெறவேண்டுமென்றால் அது அவர்தான். அதை நானும் அக்காவுமாகச் சேர்ந்து பிடுங்கிவிட்டோம்.

பகல் 12.15. வேலை முடிந்து கதிரேசன் கூப்பிட்டான். பட்டன் போனில் காதில் வைத்தால் கேட்பதில்லை, அதனால் எப்போதும் சத்தமாகத்தான் போடுகிறார்கள்.

"மொட்ட அடிச்சியாப்பா?"

"பத்தாம் நாளே அடிச்சிட்டேன் ஆத்தா."

"ம். பாத்தேன். வெயில்ல நிக்கிற, தலைக்கு எண்ணெய் வையி."

பிற்பகல் 1.30. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் எழுந்து வரவேண்டும். நான் எழுந்ததும் அக்கா உருமாவை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் பாத்தத அவன்கிட்டச் சொல்லிராதீங்க தம்பி. அவனா ஒருநா சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்கும் மொட்டதான்."

பாண்டி உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்க நினைத்தேன். கதிரேசனுக்கு இந்த வீட்டில் ஒரு பிடி இல்லாமல் போய்விடக்கூடாது என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தப்புச் சொல்ல, அப்பா செத்தபோது பக்கத்தில் இல்லாத நான் யார்? என் அப்பாவையும் நான் போனில்தான் பார்த்து அனுப்பினேன், எட்டு வருடத்துக்கு முன்னால்.

பாண்டியே தன் பைக்கில் என்னை ஆவுடையார்கோவில்வரை கொண்டுவந்து விட்டார். வழியில் திரும்பிப் பார்த்து, "உருமா எனக்குப் பெரிசில்லண்ணே. அண்ணன் அங்கிட்டு இருந்துகூட மொட்ட அடிச்சாருல்ல, பெரியப்பாவுக்கு அது போதும்" என்றார். பஸ் வரும்வரை கூட நின்றார். கம்பில் கட்டிய போன் பனியில் நனைந்து ஸ்பீக்கர் போய்விட்டது என்று வேறு பேச்சில் சொன்னார், என்னைக் குறை சொல்வதற்காக அல்ல.

திரும்பும் வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதே சாலை, அதே நெல், அதே கட்டணம். ஓட்டுநர் யார், எப்படி ஓட்டினார் என்று எனக்கு நினைவில்லை.

மெல்போர்ன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. இங்கே பக்கத்து வீட்டில் சாவு என்றால் ஒரு கறுப்பு வண்டி வந்து போவதோடு சரி. யார் மொட்டை, யார் தலை என்று கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். முன்பெல்லாம் அதை ஒரு வசதி என்று ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லுவேன். உருமாவைக் கதிரேசனிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்தான், மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். தொப்பியோடுதானே தெரிந்தேன் என்று கேட்டான். தொப்பியோடுதான் என்றேன். ஏன் அடிக்கவில்லை என்று நானாகக் கேட்டேன். சலூன் வாசல்வரை இரண்டு தடவை போனதாகச் சொன்னான்.

ஞாயிறுதோறும் அவன் என் சமையலறையில் நின்றுதான் அம்மாவோடு பேசுவான். போன ஞாயிறு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முடி வளர்ந்துவிட்டதா என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அதற்கு முந்தின வாரமும் அதையேதான் கேட்டார், அதற்கும் முந்தின வாரமும். கதிரேசன் தலையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தான்.

"இப்பத்தான் ஆத்தா" என்றான். "ஒரு வெரக்கட அளவுக்கு வந்திருக்கு."