சுத்தியலில் ஒரு வெட்டு

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி ஒரு முடிவைச் சொன்னாள். பிள்ளைப்பேறு பார்க்கத் தான் மகள் இருக்கும் டார்ம்ஸ்டாட்டுக்குப் போவதென்றால், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது.

மருமகன் ஜெர்மன்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கமொன்றுக்குக் குறிபார்த்துச் சுடப் போகிறவர். ஈரோ வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காவல்துறை தன் பழைய கைத்துப்பாக்கிகளைக் கழித்துவிட்டுப் புதியவற்றுக்கு மாறிக்கொண்டிருந்தது. கழித்தவை கடைகளுக்கு மலிவாக வந்தன. அவரும் உரிய அனுமதியோடு ஒன்றை வாங்கி, படுக்கையறையில் இரும்புப் பெட்டகத்தில் வைத்திருந்தார். மகள் இதைத் தொலைபேசியில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மனைவி சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவளுடைய தம்பியை வீட்டு வாசல் படலையில் வைத்துப் பெயர் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனவரின் இடுப்பிலும் அப்படி ஒன்று இருந்தது.

"நீங்கள் போய்க் கதையுங்கோ. உங்களுக்குத்தானே டொச் பாஷை வரும்."

"அவர் சட்டப்படிதானே வைச்சிருக்கிறார்."

"அங்கை வந்தவங்களும் சட்டப்படிதான் வந்தவங்கள்."

நாங்கள் இருக்கும் கொலோனில் ரயிலேறினேன். சொல்லவேண்டியதை ஜெர்மனில் நான்கு வாக்கியங்களாக அடுக்கிக்கொண்டேன். மூன்றாவது வாக்கியம் கடுமையாக இருக்குமோ என்று வழி முழுவதும் கவலை. அதை மென்மையாக்கினால் நான்காவது பொருந்தவில்லை.

மகள் தேநீர் தந்தாள். நான் முதல் வாக்கியத்துக்கு வாய் திறப்பதற்குள் மருமகன் ஒரு பச்சைத் துணியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்தார்.

"அப்பா, நீங்கள் பௌதிகம் படிப்பித்தவர். இதைப் பார்த்து ஒன்று சொல்லவேண்டும்" என்றார் ஜெர்மனில்.

என் கை சட்டைப் பைக்குள் போயிற்று. அடையாள அட்டையை எடுத்து, படம் தெரியும்படி மேசையில் வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள். யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆயுதத்தைக் கண்டதும் அட்டையைக் காட்டிய பழக்கம் அப்படியே உடம்பில் இருந்திருக்கிறது.

மருமகன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம் அப்பா, பார்க்கிறதுக்கு அனுமதி தேவையில்லை" என்றார் அன்பாக. மகள் அட்டையை எடுத்து என் பைக்குள் திரும்ப வைத்தாள். காது இரண்டும் எரிந்தன. பயந்தவன் அல்ல என்று காட்டவேண்டும்போல இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு மேசைக்குக் கிட்ட உட்கார்ந்தேன்.

விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து அடிக்கும் சிறு சுத்தியல் ஒன்று துப்பாக்கியின் பின்புறத்தில் இருக்கிறது. மருமகனின் குழப்பம் அதில்தான். அந்தச் சுத்தியலின் தலையில் ஒரு வெட்டு இருந்தது. கொக்கிபோல் வளைந்து, நடுவில் சிறு பிளவு. சங்கத்தில் ஒருவர் உடைந்தது என்றாராம். இன்னொருவர் கயிறு கோர்ப்பதற்கு என்றாராம்.

"உடைந்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்" என்றார்.

அவர் துப்பாக்கி வெறுமையானதென்று காட்டிவிட்டு அதைக் கழற்றினார். துணியில் ஆறு துண்டுகள். நான் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெட்டின் உட்பக்கத்தைப் பார்த்தேன். உடைந்த இரும்பு கரடுமுரடாக இருக்கும். இது வழவழப்பாக இருந்தது, வெளிப்புறத்தின் அதே கருமை உள்ளேயும் இருந்தது. அப்படியென்றால் செய்யும்போதே வெட்டியிருக்கிறார்கள். கயிறு கோர்க்க அது இடமில்லை. வெட்டியதால் தலை மெலிந்திருக்கிறது. மெலிந்தது வளையும். எப்போது வளையும்? பின்புறம் நிலத்தில் அடிபட விழும்போது.

"இது விழுந்ததைக் காட்டிக் கொடுக்கிற துண்டு" என்றேன். "துப்பாக்கி கீழே விழுந்தால் இந்த இடம் முதலில் நசுங்கும். கீழே போட்ட காவலர் மறைக்க ஏலாது. உம்முடையது நசுங்கவில்லை. விழாத துப்பாக்கி."

அவர் உடனே சங்கத்திலிருந்த ஓய்வுபெற்ற காவலர் ஒருவரை அழைத்தார். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. அதேதான், பழுதுபார்ப்பவர் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான் என்றார் அவர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டிருக்கவேண்டும்.

"என் மாமனார். பேராசிரியர் மாதிரி" என்றார் மருமகன்.

இந்த நாட்டில் நான் விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவியவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். துண்டுகளைத் திரும்பப் பூட்டித் தரச் சொல்லிக் கையில் வாங்கினேன். எண்ணூறு கிராமுக்குச் சற்று மேல் வரும் என்றேன். அவர் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தார். சரியாக இருந்தது. இருவரும் சிரித்தோம்.

"அப்பா, அது நான் மா நிறுக்கிற தராசு" என்றாள் மகள்.

அப்போதுதான் மனைவி தொலைபேசியில் வந்தாள். மகள் எடுத்தாள்.

"அப்பாவோ? இருக்கிறார். கையில அதை வைச்சுக்கொண்டுதான் இருக்கிறார்."

மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

"சுடப் பழகிறாராமோ?"

துணியில் வைத்துவிட்டேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மேசைக்குக் கீழே தொடையில் வைத்துக்கொண்டேன்.

மகள் தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவரிடம் ஜெர்மனில் கேட்டாள். "விழும் என்று தெரிந்துதானே அப்படிச் செய்திருக்கிறார்கள்?"

"காவலர்கள் ஓடுவார்கள், மதில் பாய்வார்கள். வீட்டில் யார் விழுத்துவார்?"

"பிள்ளையும் ஒரு நாள் ஓடும். இது இங்கே இருந்தால் அம்மா வரமாட்டா. அதைச் சொல்லத்தான் அப்பா வந்தவர்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா அப்பா?"

"ஓம்" என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

நான் அடுக்கிவந்த நான்கு வாக்கியங்களிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். துணியைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பூட்டினார். அந்த வாரமே துப்பாக்கியைச் சங்கத்தின் பெட்டகத்துக்கு மாற்றிவிட்டார்.

மனைவி பிள்ளைப்பேறுக்குப் புறப்பட்டாள். பத்தியத்துக்குச் சரக்குத் தூள், வேப்பிலை, பழைய பருத்திச் சேலைகள் எல்லாம் இரண்டு பெட்டிகளில் போயின. நானும் என் உடுப்பை மடித்து வைத்திருந்தேன்.

"நீங்கள் இஞ்சையே இருங்கோ. அங்கை உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். கோபமான குரல் அல்ல. பெட்டிகளை ரயிலில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேரன் பிறந்த செய்தியைத் தனியாக இருந்துதான் கேட்டேன். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு வந்து பார்க்கச் சொன்னாள் மனைவி.

அதற்கிடையில் மருமகன் ஒருமுறை அழைத்தார். சங்கத்தில் வெட்டின் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். இன்னொருவரும் பழைய துப்பாக்கி வாங்கியிருக்கிறாராம், அதிலும் விளங்காத துண்டு ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கமுடியுமா என்று கேட்டார்.

முழங்கால் நோகிறது, ஏலாது என்றேன். எந்தத் துண்டு, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. தொலைபேசியை வைத்த பிறகும், மனைவி கேட்டுக்கொண்டு நிற்கிறாளோ என்பதுபோலக் கதவுப் பக்கம் பார்த்தேன்.