கன்னி மூலையில் ஏறிய ஆறு பேனல்கள்

1. மார்கழியில் வந்த போன்

"அண்ணா, உங்க ஆறு பேனலையும் கழட்டிகினு போயிடுங்க. பேங்க்ல நான் பேசிக்கறேன்."

மார்கழிக் குளிரில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ரத்னம்மாவிடமிருந்து இந்தப் போன் வந்தது. வாங்கிய டீ அப்படியே ஆறிப்போனது. நான் சொந்தமாகப் போட்ட முதல் வீட்டு சோலார் அவருடையதுதான். முதல் போணியே இப்படியா என்று அப்போதே அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

சோலார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த இன்வெர்ட்டர் நல்லது, எந்த பேனல் மலிவு என்று கேட்கிறார்கள். அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் கோட்டைவிட்ட கதையைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீசியனாக இருந்தேன். கடைசி சில வருடங்களில் ஷெட் கூரை முழுக்க சோலார் போட்டார்கள். அந்த வேலையில் நான் முன்னால் நின்றேன். எங்கள் லைனை மூடியதும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வீடுகளுக்கு சோலார் போட ஆரம்பித்தேன். ஃபாக்டரிக்கே போட்டவனுக்கு வீடு எம்மாத்திரம் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

2. பில்லின் முதுகில் போட்ட கணக்கு

ரத்னம்மாவின் வீடு ராயக்கோட்டை ரோட்டில் ஒரு லே-அவுட்டில் இருக்கிறது. தண்ணீருக்கு போர் மோட்டார், குளிருக்கு ஹீட்டர், சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில் நாலாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது.

நான் போன அன்று அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "சர்க்காருல மானியம் தராங்களாமே, அப்ப ஓசியாண்ணா?"

"ஓசி இல்லம்மா. மொதல்ல நாமதான் போடணும். ஈ.பி. வந்து பாத்து, வர்ற கரண்ட்டுல நாம குடுக்கற கரண்ட்டைக் கழிச்சுக் காட்டற நெட் மீட்டர் வெச்சப்புறம் மானியம் உங்க அக்கவுண்ட்டுக்கு வரும். மீதிக்குப் பேங்க்ல லோன் கெடைக்கும், வட்டி கம்மி."

அவருடைய பழைய பில்லின் முதுகிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மாதத் தவணையைச் சேர்த்தாலும் பழைய பில்லில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியது. பில் குறைந்தால் அந்த மிச்சத்திலேயே கடன் அடையும், கையில் காசும் நிற்கும்.

அவர் கணவர் மாதப்பன் ஒரு போல்ட் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "பேடா ரத்னா, வேணாம். இருக்கற வீட்டுக் கடனே போதும்" என்றார்.

"மிச்சமாகற பில்லு காசுலயே தவணை கட்டிடுவேன். உங்க சம்பளத்துல ஒரு ரூபா கேக்கமாட்டேன்" என்று ரத்னம்மா சொன்னார்.

இந்த வார்த்தையை நம்பித்தான் மாதப்பன் ஒத்துக்கொண்டார். ரத்னம்மா வீட்டில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போடலாமென்று அந்தத் தெருவில் இன்னும் பதினொரு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஆனி மாதம் மாடியை அளந்தேன். ஆடி பிறப்பதற்குள் வேலையை முடித்துவிடச் சொன்னார் மாதப்பன், முடித்தேன். மானியமும் வந்து சேர்ந்தது. முதல் பில் ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு இறங்கியது. ரத்னம்மா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

மார்கழியில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பில் வந்தது.

3. மொட்டை மாடியில் என் மூஞ்சி

தவணையையும் சேர்த்தால் சோலார் இல்லாத காலத்தைவிட அதிகம். மகளின் காலேஜ் பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் ரத்னம்மா தவணை கட்டியிருந்தார். மாதப்பன் கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்: "அப்பவே பேடான்னு சொன்னேன். எல்லாரும் சேந்து எம் பொண்டாட்டி தலையில கடனைக் கட்டிட்டீங்க."

பனி மூட்டம், பேனல் மேல் தூசி, ஹீட்டர் அதிகமாக ஓடியிருக்கும் என்று வாய்க்கு வந்த காரணங்களை அடுக்கிக்கொண்டே மாடி ஏறினேன். மணி பன்னிரண்டு. தண்ணீர் டேங்க்கின் நிழல் இரண்டு பேனல்கள் மேல் முழுசாகப் படுத்திருந்தது. பொழுது சாயச் சாய அது மூன்றாவது பேனலுக்கும் நகர்ந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் வாஸ்து பார்த்து டேங்க்கைத் தென்மேற்கில், கன்னி மூலையில், உயரமாக வைப்பார்கள். ஆனியில் நான் அளந்தபோது சூரியன் உச்சிக்கு வடக்கே இருந்தது, அதனால் டேங்க் நிழல் தெற்கே விழுந்தது. வடக்குப் பக்கம் பளிச்சென்று வெயில் அடிக்கிறதே என்று பேனலை அங்கே போட்டுவிட்டேன். மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கிவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஃபாக்டரி ஷெட் மேல் டேங்க் கிடையாது, அதனால் இருபத்தாறு வருடத்தில் நான் நிழலைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஆறு பேனலும் ஒரே வரிசையில் இணைத்தவை. வரிசையில் நின்று குடம் கை மாற்றும்போது இரண்டு பேர் சுணங்கினால் எல்லாருடைய வேலையும் சுணங்கும் இல்லையா, அப்படித்தான் கரண்ட்டும். மானம் போன மாதிரி இருந்தது. கீழே வந்து, "தப்பு என்னோடதும்மா. என் செலவுல சரி பண்றேன்" என்று சொன்னேன்.

4. வாஸ்துவும் வெல்டிங்கும்

பேனல்களை இருக்கிற இடத்திலேயே டேங்க்கைவிட உயரமாகத் தூக்குவது என் முதல் யோசனை. மாதப்பன் பாம்பைக் கண்டவர் போலப் பதறினார்.

"வடக்குப் பக்கம், ஈசானிய மூலை ஒசந்தா குடும்பத்துக்கு ஆகாது."

"அப்ப டேங்க்கைக் கீழ எறக்கிடலாமா?"

"கன்னி மூலை தாழ்ந்தா அதைவிட மோசம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தப்பு என்னுடையது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த ரத்னம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"கன்னி மூலை ஒசரமா, பாரமா இருக்கணும். அவ்ளோதானே? அப்ப பேனலைக் கொண்டுபோய் டேங்க்குக்கு மேலயே ஏத்துங்க."

சாஸ்திரத்தில் அதற்குத் தடை எதுவும் மாதப்பனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. டேங்க்குக்கு மேலே போய்விட்டால் டேங்க் நிழல் பேனலை என்ன செய்யும்?

மார்கழியில் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று மாதப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தை பிறக்கும்வரை காத்திருந்தோம். பழைய கம்பெனி வெல்டர் யூசுப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஜி.ஐ. பைப்பில் சட்டம் அடித்துக் கொடுத்தார். வீட்டு பில்லர்களின் மேலேயே கால்கள் வரும்படி அளந்து, ஆடிக் காற்றுக்கும் அசையாதபடி போல்ட் போட்டோம். ஈ.பி.க்கு எழுதிக் கொடுத்தேன், அவர்கள் வந்து பார்த்துச் சரி என்றார்கள். செலவு முழுக்க என்னுடையது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஈ.பி.க்காரர்கள் வந்துபோன மூன்றாம் நாள் மதியம் இன்வெர்ட்டரை ஆன் செய்தோம். டிஸ்ப்ளேயில் எண் ஏறிக்கொண்டே போனது. யூசுப் கைதட்டினார். மாதப்பன் கீழே தெருவில் நின்று தன் வீட்டுக் கன்னி மூலையை அண்ணாந்து பார்த்து, "தெருவுலயே இதாம்ப்பா ஒசரம்" என்றார்.

5. தை, மாசிக்கான பில்

அந்த இரண்டு மாத பில் இருநூறு ரூபாயைக்கூடத் தாண்டவில்லை. ரத்னம்மா இரண்டு தவணையைக் கட்டி, மகளின் பஸ் பணத்தைத் திருப்பி வைத்து, அதற்கு மேலும் மிச்சம் பிடித்தார். மாதப்பன் அந்த பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி கேன்டீனில் எல்லாரிடமும் காட்டினாராம். பங்குனி முடிவதற்குள் அந்தத் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்கள் விண்ணப்பம் போட்டார்கள். மீதி இரண்டு பேர் வாஸ்துக்காரரைக் கேட்டுவிட்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு மாடியை அளக்கப் போனபோது ரத்னம்மாவும் கூட வந்தார். நான் போனில் சூரியன் போகும் பாதையைக் காட்டும் ஆப்பை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தேன். அவர் சிரித்தார்.

"அண்ணா, எங்க மாடியில வடக்குப் பக்கம் மார்கழியில ஒரு பொடவைகூடக் காயாது. பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க டேப்பு, மீட்டருன்னு என்னென்னமோ எடுத்தீங்க. பெரிய ஃபாக்டரி எலெக்ட்ரீசியன், தெரிஞ்சுதான் செய்வாருன்னு சும்மா இருந்துட்டேன். நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே."

இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் டேப்பை வெளியே எடுப்பதற்கு முன் அந்த வீட்டில் துணி காயப்போடுகிறவர் யார் என்று விசாரித்து, அவரை மாடிக்குக் கூப்பிட்டு, மார்கழியில் எந்தப் பக்கம் ஈரம் காயாது என்று கேட்டுக்கொள்கிறேன்.