நான்கு மணித்தியாலம் என்று நான் சொன்னது

பெற்றோர் கூட்டம் என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தினமும் நான்கு மணித்தியாலம் படித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு அடித்துச் சொல்லிவிட்டேன். மூன்று என்றால் குறைவாகப் பட்டது, ஐந்து என்றால் அதிகமாகப் பட்டது. இதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போனார். அவருடைய மகள் என்னிடம் பொருளியல் படிப்பவள், கெட்டிக்காரி. தோட்டத்தில் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அம்மா அதே சட்டத்தை மகளின் படிப்புக்கும் போட்டுவிட்டார். நான்கு மணித்தியாலம் உட்கார்ந்தால் முழுப்பேர். எழுந்துவிட்டால் அரைப்பேர், அன்றைக்கு போனும் இல்லை, டீவியும் இல்லை.

இரண்டு மாதத்தில் அந்தக் கெட்டிக்காரி வகுப்பில் தூங்கி வழிய ஆரம்பித்தாள். தவணைப் பரீட்சையில் என் பாடத்திலேயே கோட்டை விட்டாள். கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டாள். அடுத்த தவணையும் இப்படியென்றால் படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு கார்மென்ட் வேலைக்கு அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறாராம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன்.

போன இடத்தில் கோபப்படவே வழியில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டு, பால் இல்லாத பிளேன்டி கொடுத்து, பெருமையோடு எதிரே நின்றார் அம்மா.

"ஒருநாளும் இவ அரைப்பேரு வாங்கினதில்ல டீச்சர். நீங்க சொன்ன நாலு மணித்தியாலமும் முன்னாலயே உக்காந்திருப்பேன்."

"படிக்கிறாளா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பேனா ஓடுதான்னு பாப்பேன். நின்னா ஒரு சத்தம் போடுவேன்."

கொப்பிகளை வாங்கிப் புரட்டினேன். ஐந்து கொப்பி நிறைய ஒரே பாடம்: விலை எப்படித் தீர்மானமாகிறது. அதையே திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். ஒவ்வொரு நாளின் கடைசிப் பக்கங்களும், அதாவது நான்காவது மணித்தியாலத்தில் எழுதியதெல்லாம், இடத்தை நிரப்பக் கொட்டைப்பாக்கு அளவு எழுத்து. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொப்பிகளை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா கொப்பிகளை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"நெறை காட்டுறதுக்கு நாங்க கூடைக்கு அடியில முத்தின எலையப் போடுவோம் டீச்சர். இவ அதயே கொப்பியில பண்ணியிருக்கா." என்னை நேராகப் பார்த்தார். "நீங்க படிக்கிற காலத்துல வீட்டுல நாலு மணித்தியாலமா படிச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் மகள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணரை" என்றேன். "சில நாள் அதுவும் இல்ல. படிச்சு முடிச்சதும் புத்தகத்த மூடிட்டு தங்கச்சிக்குச் சொல்லிக்காட்டுவேன். அவ்வளவுதான்." சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"ஹரி" என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டார் அம்மா. "ஒண்ணரையே போதும். இவளுக்குத் தங்கச்சி இல்ல, எனக்கே சொல்லட்டும்."

அங்கேயே ஆரம்பமாயிற்று. வாங்குகிற ஆட்கள் கூடினால் பொருளின் விலையும் கூடும் என்று மகள் மனப்பாடமாகத்தான் தொடங்கினாள். அம்மா குறுக்கே குறுக்கே கேட்கவும், கொப்பி வசனத்தை விட்டுவிட்டுத் தேயிலையை உதாரணம் காட்டிச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. ஐந்து கொப்பியில் வராத பாடம் பத்து நிமிடத்தில் அவள் வாயில் வந்துவிட்டது.

அம்மா யோசித்துக் கேட்டார்: "தேயிலைய வாங்குற ஆளு கூடினா தேயிலை வெல கூடும். சரி. அப்ப கொழுந்தெடுக்கிற எங்களுக்கு ஏன் கூடல?"

மகள் என்னைப் பார்த்தாள். பத்து வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன், இப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

"அதுக்கு இன்னும் நெறையப் படிக்கணும்" என்று இழுத்தேன்.

"அப்ப படிக்கட்டும்" என்றார் அம்மா, கொப்பிகளை அடுக்கி மகளின் கையில் கொடுத்தபடி. "கொழும்புக்கெல்லாம் வேணாம். பதில் தெரிஞ்சதும் மொதல்ல எனக்கு வந்து சொல்லட்டும்."