முகத்தில் படாத முத்திரை

மிர்ட்ஸா இந்த ஏப்ரலில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தின் இரண்டாம் ஜன்னலுக்குப் பின்னால் கழிந்தது. நாற்பத்தொன்பது வருடம் என் மனைவியாக இருந்தாள்.

அவள் கைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. தபால்தலையின் கீழ்மூலையில் மட்டும் விழும்படி முத்திரை குத்துவாள். தேதி தெளிவாக இருக்கும், அச்சிட்ட முகத்தில் மை படாது. ருஷ்யர்கள் ஆண்ட காலத்தில் அதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பெரிய தலைவரின் முகத்தைக் கறுப்பாக்கினால் மாவட்டத்திலிருந்து ஆள் வந்து கேள்வி கேட்பார்கள். பக்கத்து ஜன்னல் ஸ்கைத்ரீதே ஒருமுறை மாட்டிக்கொண்டு மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தாள்.

"வழுக்கைத் தலையில கொஞ்சம் முடி வெச்சுவிட்டேன், அதுக்குப் போய் இவ்வளவு கோவம்" என்று அவள் எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சொல்வாள். "உன் பொண்டாட்டிக்கென்னப்பா, அவ கை சொன்னபடி கேக்கும்."

உண்மைதான். மிர்ட்ஸாவின் கை சொன்னபடி கேட்டது.

எழுபத்தொன்பதாம் வருடம் இலையுதிர்காலத்தில், பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவள் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள்.

"எமீலியா அம்மாவுக்கு லெட்டர் வந்திருக்கு. பையன்கிட்டேர்ந்து."

எமீலியா அம்மாவின் மகன் க்ரௌக்லிஸை அரசாங்கம் சைபீரியாவுக்கு நாடுகடத்தியிருந்தது. லாட்வியா தனிநாடாக வேண்டும் என்று துண்டுத்தாள் அடித்தவன். அம்மா எங்கள் ஊரில் தனியாக இருந்தாள், தபால் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி. மகள் லாய்மாவுக்குத் தலைநகர் ரீகாவில் வேலை.

"குடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"'முகவரியில் ஆள் இல்லை'ன்னு குத்தித் திருப்பி அனுப்பணுமாம். இனிமே வர்றது எல்லாத்தையும். மேலதிகாரி கதவைச் சாத்திட்டுச் சொன்னாரு."

"மாட்டேன்னு சொன்னா?"

"உன் வீட்டுக்காரர் இன்னும் பள்ளிக்கூடத்துல கணக்குதான் சொல்லித்தர்றாரான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

நான் ரொட்டியைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"அப்ப குத்து" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அவளும் மறுபடி கேட்கவில்லை.

நான்கு வருடத்தில் ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்பதையும் குத்தினாள். எமீலியா அம்மா வியாழக்கிழமைதோறும் தலையில் துணி கட்டிக்கொண்டு இரண்டாம் ஜன்னலுக்கு வருவாள். மற்ற ஜன்னல் காலியாக இருந்தாலும் இங்கேதான் நிற்பாள்.

"எனக்கு ஏதாவது இருக்காம்மா?"

"இல்லீங்க."

"சரி. ஒரு உறை குடு."

அந்த உறையில் எழுதி அனுப்பினாளா என்று தெரியாது. எண்பத்து மூன்று குளிர்காலத்தில் இறந்துபோனாள். மகனை அடக்கத்துக்கு விடவில்லை.

பிறகு காலம் புரண்டது. க்ரௌக்லிஸ் திரும்பி வந்தார். மேடையில் ஏறினார், ஜனங்கள் பின்னால் நின்றார்கள், நாடு விடுதலையானது. அதை நாலைந்து வருடம்தான் பார்த்தார். தொண்ணூற்றெட்டில் அவர் முகத்தோடு பதினைந்து சென்டிம் தபால்தலை வெளியிட முடிவானது. பிறந்த ஊர் என்பதால் வெளியீட்டு விழா எங்கள் ஊரில். முதல் நாள் சிறப்பு முத்திரையைக் குத்த யாரைப் போடுவது என்ற பேச்சே எழவில்லை.

"தலைவர் முகத்துல ஒரு புள்ளி படக்கூடாது, மிர்ட்ஸா" என்றார் புதிய அதிகாரி. "மந்திரி வர்றாரு. நீதான் குத்தணும்."

விழாவுக்கு முதல் நாள் லாய்மா வந்தாள். வேலையை விட்டுவிட்டு அம்மாவின் வீட்டிலேயே குடியேறியிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைக்க அண்ணனின் பொருள்களைக் கொண்டுவந்தாள். மூக்குக்கண்ணாடி, கம்பளிக் கையுறை, நூலால் கட்டிய ஒன்பது உறைகள். திரும்பி வந்த கடிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு உறையிலும் 'முகவரியில் ஆள் இல்லை'. பக்கத்தில் எங்கள் ஊர் வட்ட முத்திரை. எல்லாம் கீழ்மூலையில், கோணாமல், மை பரவாமல்.

நான் மேஜை தூக்க உதவிக்குப் போயிருந்தேன். மிர்ட்ஸா உறைகளைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து லாய்மாவிடம் போனாள். வாயைத் திறக்கும் முன் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் மேஜையின் காலைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன்.

"லாய்மா, இதைக் குத்தினது நான்தான்."

லாய்மா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அம்மாவே சொன்னாங்க. 'இல்லைன்னு சொல்றப்போ அந்தப் பொண்ணு மேஜையைப் பாத்தா, அன்னிக்கு லெட்டர் வந்திருக்கு, பையன் உசிரோட இருக்கான்'னு. 'சாதாரணமா மூஞ்சியைப் பாத்துச் சொன்னா அன்னிக்கு ஒண்ணும் வரல'ன்னு. அதுக்குத்தான் வாரவாரம் உங்க ஜன்னலுக்கு வந்தாங்க."

மிர்ட்ஸா உறைகளைப் பெட்டிக்குள் நகர்த்தி வைத்தாள். பிறகு, "நாளைக்கு நான் குத்தலை. வேற யாரையாவது வெச்சுக்கட்டும்" என்றாள்.

"ஏன், உங்களுக்கு மனசு லேசாகணுமா? குத்துங்க. எங்க அண்ணன் மூஞ்சி கறுப்பாகாம குத்த இந்த ஊர்ல வேற கை இல்லையே."

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? அம்மா கல்லறை மணலை ஒரு தடவை நான் வாரிவிடறேன்."

இங்கே கல்லறையைச் சுற்றி வெள்ளை மணல் பரப்பி, சனிக்கிழமைதோறும் சீப்பு மாதிரிப் பல் வைத்த வாரியால் கோடு இழுத்து, வந்தவர் காலடி தெரியாதபடி பின்நடையாக வெளியேறுவோம். சொந்த ஆட்கள் செய்யும் வேலை அது.

"வேண்டாம்" என்றாள் லாய்மா.

மறுநாள் பாடகர் குழு பாடியது, மந்திரி பேசினார். மிர்ட்ஸா நானூற்றுச் சொச்சம் உறைகளுக்கு முத்திரை குத்தினாள். க்ரௌக்லிஸின் அடர்ந்த புருவத்தில் ஒரு புள்ளிகூடப் படவில்லை. ஸ்கைத்ரீதே பக்கத்தில் நின்று, "பாரு, மிஷின்" என்று வந்தவர்களிடம் பெருமைப்பட்டாள். கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தவர்கள், எந்தப் பாவி குத்தினானோ என்று சொல்லிக்கொண்டு நகர்ந்து, வரிசையில் நின்று அவளிடமே உறையை நீட்டினார்கள். வரிசையின் கடைசியில் லாய்மாவும் நின்றாள். மிர்ட்ஸா குத்திக் கொடுத்தாள். அடுத்த வாரமே மிர்ட்ஸா வேலையை விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த கோடையில், எங்கள் பக்கம் வருடாவருடம் கோடையில் வரும் கல்லறைத் திருநாளுக்கு ஊரெல்லாம் தயாரானபோது, அவள் விடியற்காலையில் வாரியை எடுத்துக்கொண்டு போனாள். லாய்மா வேண்டாமென்று மறுத்த அதே எமீலியா அம்மாவின் கல்லறைக்குத்தான். நான் தடுத்தேன். "நீ சொன்னதை ஒருதடவை கேட்டாச்சு" என்றாள். எங்கள் நாற்பத்தொன்பது வருடத்தில் என்மேல் அவள் வைத்த குற்றச்சாட்டு அது ஒன்றுதான்.

மணலை நெடுக்காக வாரிவிட்டு வந்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் அதை யாரோ குறுக்காக வாரிவிட்டிருந்தார்கள். அடுத்த கோடையிலும் அப்படித்தான். இருபது கோடைகள் இவள் நெடுக்காக இழுத்தாள், லாய்மா வந்து குறுக்காக இழுத்தாள். கடைத்தெருவில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள், மீன் விலையைப் பற்றிக்கூடப் பேசுவார்கள். மணலைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதின் தொடக்கத்தில், குளிர் விடும் முன்பே லாய்மா இறந்தாள். அடக்கத்தில் மிர்ட்ஸா கடைசி வரிசையில் நின்றாள்.

அடுத்த கோடையில் வழக்கம்போல விடியற்காலையில் போய் வாரிவிட்டு வந்தாள். மத்தியானம் தனியாகப் பார்க்கப் போனாள். சாயங்காலம் மறுபடி போனாள். திரும்பி வந்து காலணியைக் கழற்றாமல் அடுக்களையில் உட்கார்ந்தாள்.

"அப்படியே இருக்கு" என்றாள்.

"நல்லதுதானே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அழிக்கறதுக்குக்கூட ஆள் இல்ல" என்றாள். பிறகு திரும்ப நடந்துபோய், தான் போட்ட கோடுகளைத் தானே குறுக்காக வாரிவிட்டு வந்தாள்.