அத்தைக்கு வந்த பிளசர்

துருவுக்கு ருசி உண்டு. உப்புத்தாளால் தகட்டைத் தேய்க்கும்போது எழும் சிவந்த பொடி முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் இறங்கி, கடைசியில் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் தயிர்ச்சோறு தின்றாலும் மாம்பழம் தின்றாலும் ஆணியைச் சப்பினாற்போல ஒரே ருசிதான். எனக்குப் பதினோரு வயதான அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் தின்றது அதைத்தான். தெருவில் மற்றப் பிள்ளைகள் பிளவக்கல் அணைக்கும் அய்யனார் கோயில் ஆற்றுக்கும் குளிக்கப் போனார்கள். நானும் அம்மாவும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள், கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, தாத்தாவின் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கார் என்று சொல்ல மாட்டார்கள், "பிளசர்" என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து, கைமாறிக் கைமாறி, தாத்தா பருத்தி வியாபாரத்தில் செழிப்பாக இருந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வண்டி. இரண்டு பக்கமும் கால் வைத்து ஏற நீளமான பலகை, துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு உருண்டை விளக்கு, அழுத்தினால் தெருநாய்கள் எழுந்து ஓடும் ஹாரன். தாத்தா முன்சீட்டில் ஏற்றியது மூத்த மகனான என் பெரியப்பாவை மட்டும்தான்; என் அப்பாவுக்குப் பின்சீட்டு; கடைக்குட்டியான அத்தைக்கு, பெண்பிள்ளை என்பதால், வாசலில் நின்று கையசைக்கும் உத்தியோகம். அவள் அதில் ஏறியது ஒரே தடவை, கல்யாணமாகித் தேவதானத்துக்குப் புருஷன் வீடு போன அன்றைக்கு.

தாத்தா காலமானதும் பங்கு பிரித்தார்கள். எங்கள் குடும்பத்து வழக்கப்படி மூத்தவர் சொத்தை இரண்டு பங்காக்கி வைக்க வேண்டும், இளையவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவர் வஞ்சனை செய்தால் அது அவர் தலையிலேயே விடியும் என்று முன்னோரில் யாரோ ஒரு நல்லவர் யோசித்து வைத்த ஏற்பாடு. அந்த நல்லவருக்கு என் பெரியப்பாவைத் தெரியாது. மம்சாபுரத்தில் கோடையிலும் வற்றாத கிணற்றோடு இருந்த வயலை ஒரு பங்காகவும், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புஞ்சையோடு பிளசரைச் சேர்த்து இன்னொரு பங்காகவும் வைத்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டிலேயே வண்டியை வைத்து, முகம் பார்க்கிற மாதிரி கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா "கிணறு, கிணறு" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அப்பா நேராகப் போய் பிளசரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். பெரியப்பா மனசே இல்லாதவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு சாவியை நீட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தாத்தாவின் பழைய வீட்டை மட்டும் பொதுவில் வைத்து, விலை வரும்போது விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அத்தைக்கு ஒரு பித்தளை அண்டா கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரே ஒரு ஐப்பசி மழைதான் பெய்தது. பிளசரின் கதவோரமெல்லாம் அம்மை போட்டதுபோலக் கொப்புளம் கொப்புளமாக பெயிண்ட் எழும்பிவிட்டது. அப்பா ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. இஞ்சின் என்னவோ நன்றாகத்தான் ஓடியது, வண்டியின் உடம்புதான் உளுத்துப் போயிருந்தது. டிங்கர் கடையில் விட்டால் பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேதி போய்விடும், கிணற்றை விட்டுவிட்டுத் துருவை எடுத்தவன் என்று ஊர் சிரிக்கும் என்பதால், வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, நாங்களே வீட்டில் வைத்துச் சரிசெய்வது என்று முடிவானது. நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துக் குறை சொல்வார்.

அம்மா சமையலை முடித்துவிட்டு வந்து கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் இருட்டும்வரை தேய்ப்பாள். சுரண்டச் சுரண்டத் துரு குறையவில்லை, தகடுதான் குறைந்தது. ஒரு நாள் தகட்டின் விளிம்பு கிழித்து அவள் உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியபோது அப்பா பதறிப்போய் எழுந்து வந்தார். "ஏட்டி, ரத்தத்தை அதுல படவிடாத. ஈரம் பட்டா மறுபடியும் துரு ஏறிரும்" என்றார். அம்மா கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு மற்றக் கையால் தேய்த்தாள். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அவர் செத்ததில் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பின்சீட்டைக் கழற்றி அடித்தகட்டைச் சுரண்டிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் தகடே இல்லை. தட்டு அகல ஓட்டையில் பழைய துணியைத் திணித்து, மேலே பட்டி என்கிற பசையைப் பூசி, வழவழவென்று தேய்த்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். அம்மா அந்தத் துணியைப் பிடித்து இழுக்க, கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலைக் கிழிசல் முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. பெரியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் ஆண்டாள் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன சேலை அது. "இது எங்கக்கா சேலைல்லா?" என்ற அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பங்கு பிரித்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அப்பா கீழே கிடந்த கம்பி பிரஷ்ஷை எடுத்து அவள் கன்னத்தில் அடித்தார். அதன் தடம் வரிசை வரிசையாகச் சிவந்து பல நாள் கிடந்தது; யாராவது கேட்டால் "மாடிப்படில விழுந்துட்டேன்" என்பாள். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

அப்பா அரிவாளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. போனால் ஏமாந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? இதற்கிடையில் பொதுவீட்டுக்கு நல்ல விலைக்கு ஆள் வந்தது. வந்தவர் விவரமானவர், பெண்ணுக்கும் சட்டப்படி பங்கு உண்டு, தங்கச்சி கையெழுத்து இல்லாமல் முன்பணம்கூடத் தர முடியாது என்றுவிட்டார். அத்தை அப்போது புருஷனை இழந்து, இரண்டு பசுமாட்டை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போட வாரேன். எனக்கு என்ன தருவியன்னு அண்ணன்மாருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்று ஆள் சொல்லி அனுப்பினாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? மூன்றில் ஒரு பங்கு அவளுடையது.

பேசி முடிவெடுக்கப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நேராக அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தார்ப்பாயை விலக்கினார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன், இன்றைக்குக் கொலை விழும் என்று. பெரியப்பா முகம் வெளுத்து, ஓட்டையையும் தரையில் கிடந்த தன் பெண்டாட்டி சேலையையும் மாறிமாறிப் பார்த்தார்.

அப்பா கேட்டார்: "எண்ணே, இம்புட்டு ஓட்டையையும் எப்படி அடைச்சிய?"

பெரியப்பா குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் காரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "மொதல்ல துணியக் கெட்டியாத் திணிக்கணும்லே. நூல் சேலைதான் பட்டியப் பிடிக்கும், பட்டு வழுக்கிரும்" என்று சொல்லிப் பெரியப்பா சட்டையைக் கழற்றினார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்தது திருவிழா. தினமும் காலையில் பெரியப்பா பஸ் பிடித்து வந்துவிடுவார். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டு, தாத்தாவைக் கிண்டல் செய்துகொண்டு, பட்டி குழைத்துப் பூசிக் காயவைத்துத் தேய்த்தார்கள். கதவில் ஒரு பள்ளம் மறைந்தால் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள். அவர்கள் இருவரும் அத்தனை பிரியமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடித்தகட்டுக்குத் துணி போதாமல் அப்பா கொடியில் காய்ந்த அம்மாவின் பச்சை நூல்சேலையை உருவினார். நான் வயிற்றில் இருந்தபோது அவள் பிறந்த வீட்டில் எடுத்துக் கொடுத்த சேலை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தை தலையிலயா இதக் கட்டப் போறாக? பாவம்லா?" என்று நான் அடுக்களையில் கேட்டதற்கு, "இந்தச் சனியன் வாசலை விட்டுப் போனாப் போதும்" என்றாள்.

அத்தை வந்த அன்று வண்டிக்குச் சந்தனம் பூசிக் கதம்பம் சார்த்தியிருந்தார்கள். வீட்டில் பங்கு கேட்டால் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிப்போகும், நம் அய்யா ஆண்ட பிளசரை முழுசாக நீயே வைத்துக்கொள், மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டால் காலத்துக்கும் கஞ்சி ஊற்றும் என்று பெரியப்பா எடுத்துச் சொல்ல, அத்தை காரின் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னிய வாசல்ல நிக்க வச்சிட்டுப் போன வண்டி. இன்னிக்கு எனக்கே குடுத்துட்டியளே" என்று இரண்டு அண்ணன் காலிலும் விழுந்து அழுதாள். அப்பா அவளைத் தூக்கி நிறுத்தி ஆசீர்வாதம் செய்தார். நான் வாயைத் திறந்தேனோ இல்லையோ, அம்மா என் கையைச் சதை கன்றுமளவு திருகினாள். அன்று மத்தியானமே பத்திர ஆபீசில் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொழுந்தன் மகன் வண்டி ஓட்ட, அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து தேவதானம் போனாள்.

முதல் வாடகை சேத்தூரில் ஒரு கல்யாணம். மேளக்காரர்களுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் கால் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டது. வண்டி நிற்பதற்குள் கணுக்கால் தோல் உரிந்து, வேட்டி ரத்தமாகி, அம்மாவின் பச்சைச் சேலைத் துண்டு காலைச் சுற்றிக்கொள்ள அவனைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். தகட்டுக்குள் சேலை எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை; துரு என்று கொழுந்தன் மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், யார் கேட்டார்கள்? தாலி இழந்தவள் வண்டியில் மாப்பிள்ளையை ஏற்றினால் வேறென்ன நடக்கும் என்று ஊர் ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. அதன்பிறகு பிளசரை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் அவளிடம் பால் வாங்குவதையும் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன்கள் முன்னால் கைகட்டி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. "தங்கம் மாதிரி குடுத்திய. நாந்தான் மாட்டுத் தொழுவத்துல நிறுத்திப் பாழாக்கிட்டேன். கோமியம் பட்டுத்தான் அரிச்சிருக்கும், என்னண்ணே?" என்றாள். பெரியப்பா யோசித்துவிட்டு, "ஆமாத்தா, அதுல உப்பு ஜாஸ்தி" என்றார். அப்பா அவளுக்குக் காப்பி போடச் சொன்னார்.

இதெல்லாம் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பிளசரை இரும்புக்கடைக்காரர் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிப் போய்விட்டார். தாத்தா வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக்குச் செல்போன் கடை. மம்சாபுரம் வயலில் கிணற்றைத் தூர்த்து மஞ்சள் கல் நட்டுப் பிளாட் போட்டிருக்கிறார்கள். போன தையில் அப்பா போய்ச் சேர்ந்தார். மாரடித்து அழுத பெண்களில் அத்தையின் குரல்தான் ஓங்கி இருந்தது: "பிளசர் குடுத்த மகராசா, பொறந்தவளைக் காத்த ராசா" என்று தெருமுனைவரை கேட்க ஒப்பாரி வைத்தாள். பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; நிஜமாகவே அழுதார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தையைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், துணி திணித்ததிலிருந்து சேத்தூர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உன் ராசியும் இல்லை, கோமியமும் இல்லை, அண்ணன்மார் இரண்டு பேரும் சேர்ந்து உன்னை ஏமாற்றினார்கள் என்றேன். இத்தனை வருஷம் தன்னையே நொந்துகொண்டு கிடந்தவளுக்கு அந்தப் பாரம் இறங்கிவிடும் என்று நம்பினேன். அத்தை என்னையே பார்த்தாள். "ஏட்டி, உங்கம்மை சொல்லிக் குடுத்தாளா?" என்றாள். அம்மாவைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டேன். வெறும் கழுத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவுக அப்படிச் செய்யிற ஆளா மதினி? அது சின்னப் பிள்ளைல என்னத்தையோ கண்டு உளறுது" என்றாள். கன்னத்தில் பிரஷ் பட்ட இடத்தில் ஒரு புள்ளி இன்னும் அவளுக்கு இருக்கிறது.

அன்றோடு அத்தை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ராஜபாளையம் வரும்போதெல்லாம் "ஏட்டி, தின்னியா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே நுழைகிற ஒரே மனுஷி எனக்கு அவள்தான். இந்த ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் அவளைப் பார்த்தேன். நடை தளர்ந்துபோன பெரியப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அத்தை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கண்ணன் வாராக, செத்த வழி விடுங்கய்யா" என்று கூட்டத்தை விலக்கியபடி என்னைத் தாண்டிப் போனாள்.