லுட்கார்ட் பிரிண்டர் வாங்கினாள்

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால், அவர் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று அச்சாக வேண்டும். பூசையில் காணிக்கை போட வரிசையில் போகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்வார்கள். பிறகு அது சமையலறை இழுப்பறையில் மின்சார பில்லோடு கிடக்கும். எங்கள் மேற்கு ஃபிளாண்டர்ஸ் வட்டாரத்தில் செத்தவரைத் தூக்கியெறிய யாருக்கும் மனசு வராது. உயிரோடு இருப்பவர் விஷயத்தில் அந்தத் தயக்கம் கிடையாது.

தேவாலயத்துக்கு எதிர்க்கடையில் முப்பத்தோரு வருஷமாக இந்த அட்டைகளை அடித்துவந்தவர்கள் லுட்கார்டும் அவள் கணவர் யோரிஸும். அக்டோபரில் பெரிய மெஷின் படுத்துவிட, யோரிஸ் தள்ளுபடியில் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கிவந்தார். மழை பெய்யாத இரண்டு சாவுகளை அது சமாளித்தது. மூன்றாவது சாவு யோரிஸுடையது.

லுட்கார்டே அடித்தாள், இருநூறு அட்டை. கல்லறைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அட்டையில் முதலில் யோரிஸின் மூக்கு கரைந்தது, அப்புறம் வாய். அடக்கம் முடிந்து நடந்த காப்பி விருந்தில் ரொட்டியெல்லாம் நீல விரல் தடம். லுட்கார்ட் தன் விரல்களைப் பார்த்தாள். வேறு சோப்பு வாங்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

எட்டாம் நாள் ஃபிர்மின் வந்தான். ஊரில் சவ அடக்கம் செய்பவன் அவன்தான். கடைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவன் தருவது.

"யோரிஸாப் போனதால எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க, லுட்கார்ட். இன்னொருத்தர் வீட்டுச் சாவா இருந்தா என்னைப் புதைச்சிருப்பாங்க."

"புதைக்கிறவனே நீதானே?"

"அதான் கவலை. என்னைப் புதைக்க ஆளே இல்ல." காப்பியை உறிஞ்சினான். "கோர்ட்ரைக்ல ஒரு அச்சகத்துக்காரன் நாளைக்கே ஆரம்பிக்கறேங்கறான். புதன்கிழமைக்குள்ள நல்ல மெஷினாப் பாரு. இல்லன்னா அவன்கிட்டதான் போகணும். கோவிச்சுக்காத."

அவள் கோவித்துக்கொள்ளவில்லை. கோபத்துக்கும் எங்கிருந்தாவது கொஞ்சம் தெம்பு வர வேண்டுமே.

மறுநாள் ரூசலாரவில் உள்ள பிரிண்டர் கடைக்குப் போனாள். விற்பனையாளன் பிராம் நல்ல வாயாடி.

"இது நிமிஷத்துக்கு நாப்பது பக்கம், மேடம். சோஃபால உக்காந்து ஃபோன்லயே அடிக்கலாம்."

"தூங்கி எழுந்திரிக்க எவ்வளவு நேரம்?"

"நீங்களா?"

"மெஷின்."

பூசை தொடங்கிய பிறகுதான் ஃபிர்மின் தலைகளை எண்ணி, "இன்னும் நாற்பது" என்று செய்தி அனுப்புவான். பாதிரியார் பிரசங்கம் எட்டு நிமிஷம். அதற்குள் அடித்து, வெட்டி, தெருவைத் தாண்டிக் கொடுத்தாக வேண்டும். அட்டை கிடைக்காமல் திரும்பியவர் அதை அடுத்த தலைமுறைவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

சோதித்துப் பார்க்க அவள் ஒரு போட்டோவைக் கொடுத்தாள். பிராம் அதை ஸ்கேன் செய்து மெஷின் மெஷினாக அனுப்பினான். முதல் மெஷினில் யோரிஸுக்கு மஞ்சள் காமாலை. இரண்டாவதில் கடற்கரை வெயிலில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். மூன்றாவது, கனமான அட்டையைப் பாதி மென்று துப்பியது.

"நல்லா சிரிச்ச முகம். சொந்தக்காரரா, மேடம்?"

"கஸ்டமர்."

"திருப்தியான கஸ்டமரா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல."

ஒவ்வொரு அட்டை வந்ததும் லுட்கார்ட் கட்டைவிரலை நாக்கில் தொட்டு யோரிஸின் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள். இங்க்ஜெட் ஒவ்வொன்றிலும் கன்னம் காதுக்கு நகர்ந்தது. ஐந்தாவது ஒரு லேசர். தேய்த்தாள்; கன்னம் இருந்த இடத்தில் இருந்தது. கழிவறைக் குழாயில் பிடித்துப் பார்த்தாள். யோரிஸ் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அது பழைய மாடல், மேடம். ஃபோனோட பேசாது."

"பேச வேண்டாம். அட்டையை வளைக்காம நேராத் தள்ளுது. எழுந்திரிக்க பதினோரு செகண்ட். அதையே கட்டிக் குடு."

புதன்கிழமை ஃபிர்மின் ஒரு யோரிஸை எடுத்துத் தன் காப்பியில் முக்கினான். பத்துவரை எண்ணினான். எடுத்துச் சட்டைக் கையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி. சனிக்கிழமை பால் பண்ணைக்காரர் ஒருத்தர். நூத்தியிருபது போதுங்கறாங்க."

"பால் பண்ணைக்காரர்னா நூத்தியெண்பதாவது வரும். படம் எங்க?"

"கல்யாணப் போட்டோதான் கிடைச்சுது. தோள்ல ஒரு கை இருக்கு, எடுத்துரு."

"யார் கை?"

"பொண்டாட்டியோடது. அவங்களேதான் வெட்டச் சொன்னாங்க."

லுட்கார்ட் படத்தை ஸ்கேனர் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து மூடியை இறக்கினாள். அடியில் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று.