கோமதி டீச்சர் எழுதிய ராஜா

விழிஞ்ஞத்திலிருந்து மேரிச் சேச்சி போன் செய்தபோது நான் ஆரியசாலையில் ஒரு பருப்புக் கடையில் வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கடைசியாகக் குடியிருந்த வீடு சேச்சியுடையது. "சேட்டா, டீச்சர் போயி. ராவிலே சாயா கொண்டு சென்னப்போ விளி கேட்டில்லா" என்று சொல்லி அழுதார். காலையில் டீ கொண்டுபோய்க் கூப்பிட்டபோது டீச்சர் எழவில்லையாம். கடைக்காரரிடம் சொன்னேன். "அய்யோ பாவம், நல்ல மனுஷி" என்றார். டீச்சரை எதிரே கண்டால் கடைக்குள் போய் ஒளிந்துகொண்டவர் இவர். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாலையில் திரும்பி வருவதற்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். டீச்சரின் படம் தபால்தலை அளவு. கைகூப்பி நிற்கும் எங்கள் வியாபாரிகள் மன்றத் தலைவரின் படம் ஆள் உயரம். கீழே 'கண்ணீர் அஞ்சலி'. வழியில் போன ஒருவர் இறந்தது தலைவர்தான் என்று நினைத்து என்னிடம் விசாரித்தார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. நம் தெருக்காரர்களுக்காக எழுதும் இந்தக் கட்டுரையில் தலைவரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இதையும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளக்கூடிய மனிதர்.

கோமதி டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சாலைக்கடைக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்து மாடியில் கதைக்கூட்டம் நடத்துவார். கடைச் சிப்பந்திகள், வீட்டுப் பெண்கள், சுமை இறக்கும் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். எந்தக் கதையில் தொடங்கினாலும் ஒரு ராஜாவிடம் வந்து சேர்ந்துவிடுவார். "அண்ணாச்சி, கதையில எதிரி வந்து கொன்ன ராஜா கொறவு, கேட்டோ. பயந்துபோனவன் சொன்ன பொய்யை நம்பித்தான் முக்காவாசிப் பேரு முடிஞ்சு போறான். ஆனா அவன் முடியறதுக்கு முந்தி ஊரு முடிஞ்சிரும். அதை யாரு எழுதுதா?" என்பார். கதைகளிலேயே மோசமான ராஜா யார் என்று ஒருமுறை ஒரு பெண் கேட்டாள். "ராஜாவை விடும்மா. அவன் பக்கத்துல நின்னு 'ஆமா பிரபு, ஆமா பிரபு'ன்னு தலையாட்டினானே, அவன் பேரே எந்தக் கதையிலயும் இல்ல. எனக்கு அவன் கழுத்தைத்தான் பிடிக்கணும்" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

தலைவருக்குத் தெருக்கோடியில் பெரிய குடோன் உண்டு. அதை நீட்டிக் கட்டியபோது தெருச் சாக்கடையின் மேல் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஜூன் மாத இடவப்பாதி மழை இறங்கினால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரே ஒரு எண்ணெய்க் கடைக்காரர் போய் அவரிடம் நேரில் சொன்னார். அந்தக் கடை தலைவரின் தம்பி கட்டிடத்தில் இருந்தது. ஓணத்துக்குள் சட்டிபானையோடு அவரை வள்ளியூருக்கு அனுப்பிவைத்தார்கள். அவ்வளவுதான், தெரு அடங்கிவிட்டது. ஆளாளுக்கு வாசலில் செங்கல் வைத்துப் பூசிக்கொண்டார்கள். தலைவர் எதிரே வந்தால், "இந்த வருஷம் வெள்ளம் கொறவுதான் மொதலாளி" என்று பல்லைக் காட்டினார்கள். அடுத்த மழையில், அந்தத் தண்ணீரில் நின்று மூட்டை இறக்கிய மாடசாமி என்ற சுமைக்காரர், அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து அங்கேயே செத்தார். சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்தவர். டீச்சரின் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்பவர். தலைவர் பெரிய மாலையாகப் போட்டு, "விதி" என்றார். சுற்றி நின்றவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

அந்த வாரமே டீச்சர் மன்றத்து ஆண்டுவிழா நாடகத்தை எழுத உட்கார்ந்தார்.

எங்கள் நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வேஷம் தலைவருக்குத்தான். அட்டைக் கிரீடம்கூட அவர் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கும். வசனம் அவருக்கு மனப்பாடம் ஆகாது. படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒத்திகைக்கு முன் டீச்சர் கொடுத்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். ராஜா பேசுவது முழுக்கத் தலைவர் மன்றத்தில் பேசியவை. "இந்தத் தெருவுல எல்லாரும் எம் பிள்ளைங்கதான், அடங்காத பிள்ளையை வெளிய தள்ளியிருக்கேன்" என்று அவர் அடிக்கடி சொல்வார். டீச்சர் அதை, "இந்நாட்டில் அனைவரும் என் மக்களே, அடங்காத மக்களை வெளியே தள்ளியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். "டீச்சர், இது வேண்டாமே, அவருக்குத் தெரிஞ்சா?" என்றேன். "தெரியாது அண்ணாச்சி. அவரு பேச்சு அவருக்கு அழகாத்தான் கேக்கும்" என்றார். அப்படியே நடந்தது. ஒத்திகையில் தலைவர் புளகாங்கிதப்பட்டுப் போனார். "டீச்சர், ஒரு ராஜாவோட மனசை அப்படியே பிடிச்சிட்டீங்களே!" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

விழா அன்று ராஜா அந்த வரியைச் சொன்னதும் சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது யார் தெரியுமா? தலைவரின் மனைவி! வாயில் முந்தானையை வைத்து அடக்கியும் முடியவில்லை. அந்த அம்மாளே சிரித்தபின் மற்றவர்களுக்கு என்ன? தலைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அதே வரியை இன்னொரு தரம் கம்பீரமாகச் சொன்னார். நாடகத்தில் அரண்மனைப் படிக்கட்டு வாய்க்காலை அடைத்ததால் ஊர் மூழ்குகிறது. மந்திரி கைகட்டி வந்து, "வெள்ளம் இல்லை பிரபு, பனிதான்" என்கிறான். கூரை பறந்துவிடும் போல் சிரித்தார்கள். படுதாவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற டீச்சர் மட்டும் அழுதுகொண்டிருந்தார். "மாடசாமி இருந்தா இன்னைக்கு முன் பெஞ்சுல உக்காரச் சொல்லியிருப்பேன்" என்றார்.

சிரித்துப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. யாரோ மனு கொடுத்தார்கள். கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து கான்கிரீட்டை உடைத்தார்கள். இன்று உங்கள் கடைகளில் தண்ணீர் ஏறுவதில்லையே, அது டீச்சர் போட்ட பிச்சை. ஆனால் நாடகத்தின் அர்த்தத்தை எவனோ ஒரு புண்ணியவான் தலைவர் காதில் விளக்கமாக ஓதிவிட்டான். மாடிக்குப் பூட்டு விழுந்தது. டீச்சர் இருந்த வீட்டுக்காரர் தலைவரின் சம்பந்தி. காலி செய்யச் சொல்லிவிட்டார். டீச்சரிடம் டியூஷன் படித்த பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திக்கொண்டீர்கள். பழவங்காடிக் கோவில் முன்னால் அவர் எதிரே வந்தால், அன்று வயிறு பிடித்துச் சிரித்தவர்களெல்லாம் பிள்ளையார் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். அவ்வளவு பக்தி அதற்குமுன் உங்களிடம் நான் பார்த்ததில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது சுருக்கென்று குத்தினால், நன்றாகக் குத்தட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டீச்சர் குடிமாறிப் போன விழிஞ்ஞத்துக்கு நான் மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். மீன் கழுவிக்கொண்டே சேச்சி கதை கேட்பார். டீச்சர் மலையாளமும் தமிழும் கலந்து சொல்வார். கடைசியாகப் போனபோது டீச்சருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "எல்லாத்தையும் மன்னிச்சிருங்கன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. மன்னிக்கது பெரிய மனசுன்னு நமக்குச் சொல்லிக்குடுத்ததே ராஜாக்கள்தான். அவங்களுக்கு அது வசதி. நான் மன்னிக்கல. என்னை வீட்டை விட்டு வெரட்டினது சாரமில்ல, போட்டும். மாடசாமிக்கு விதின்னு சொன்னாரே, அதை மன்னிக்கல. நான் போன பெறவு அவரு கூட்டம் போட்டு எனக்காக அழுவாரு. அப்ப எந்திச்சு இதை மட்டும் சொல்லிருங்க" என்றார்.

சென்ற ஞாயிறு கூட்டம் போட்டார்கள். பூட்டிய மாடியைத் திறந்து கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி பேசினார். "டீச்சர் வாய்த்துடுக்குல சில தப்பு செஞ்சாங்க. அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சாச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்தேன். "மொதலாளி, உங்க மன்னிப்பை நீங்களே வெச்சுக்கிடுங்க. டீச்சர் உங்களை மன்னிக்கல. மாடசாமி செத்ததுக்கு விதின்னு சொன்னீங்களே, அதுக்கு மன்னிக்கல. இதைச் சபையில சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்" என்றேன். "உக்காரும்வே!" என்று கத்தினார். நான் உட்காரவில்லை. செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முன்வரிசைக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த சுமைக்காரர்கள் மட்டும் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். மறுநாள் இரண்டு கடைகள் என்னிடமிருந்து கணக்கு வேலையைப் பிடுங்கிக்கொண்டன. சந்தோஷம்.

கோமதி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபத்தைத்தான். அதைத் தணிக்க எனக்கு உரிமை இல்லை. தலைவர் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டு வந்தால் என்ன செய்வீர் என்று சில நல்லவர்கள் கேட்கிறார்கள். வரட்டுமே. மாடசாமியின் மனைவி கரமனையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். பின்வாசல் வழியாகப் போக வேண்டும், கொஞ்சம் சேறாக இருக்கும். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.